மலைச்சரிவில் நிமிரும் சுவர்கள்: புகைப்படக் கோணச் சிதைவும் திருத்தும் மென்பொருள்களும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் எடுக்கப்படும் கட்டடப் படங்களில் பல கீழிருந்து அண்ணாந்து எடுக்கப்படுபவை. பாதை ஒரு மட்டத்தில் போகும். கட்டடம் அதற்கு மேலே, மலையை வெட்டிச் சமப்படுத்திய மேட்டில் நிற்கும். கமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் கூரை படத்துக்குள் வராது. சாய்த்தால் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்பக்கம் சரிவதாகத் தோன்றும். இதை நிமிர்த்தும் வசதி இன்று கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. ஒரு தடவை தொட்டால் சுவர் நேராகிவிடும்.

ஆனால் மலைநாட்டில் அந்த ஒரு தொடுகை அடிக்கடி தவறான பொருளை நிமிர்த்துகிறது. இத்தகைய தானியங்கித் திருத்தம் செங்குத்தான சுவர்களும் மட்டமான தெருக்களும் நிறைந்த நகரத்துக்கே அதிகம் பொருந்தும். தேயிலைத் தோட்டத்தில் மட்டமானது அபூர்வம்; நேராக நிற்பது எது, இயல்பிலேயே சரிந்தது எது என்று இடமறிந்த கண்ணுக்குத்தான் தெரியும். எனவே திருத்தத்தின் முதல் வேலை மென்பொருளைத் தேர்வதல்ல, படத்தில் நம்பத்தக்க கோட்டைத் தேர்வது. இக்கட்டுரை அந்த நோக்கில் சிதைவின் வகைகளையும், திருத்தும் முறைகளின் வரலாற்றையும், கருவிகளின் வலிமையையும் வரம்பையும் பரிசீலிக்கிறது.

சிதைவின் வகைகள்

‘படம் கோணலாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லும்போது குறைந்தது நான்கு வேறுவேறு கோளாறுகளை ஒன்றாகக் குழப்புகிறோம்.

முதலாவது, கமரா பக்கவாட்டில் சரிந்ததால் வருவது. முழுப்படமும் இடமோ வலமோ சாயும். சுழற்றினால் போதும்.

இரண்டாவது, கமராவை அண்ணாந்தோ குனிந்தோ பிடித்ததால் வருவது. செங்குத்துக் கோடுகள் மேலே குவியும், அல்லது கீழே குவியும். கட்டடத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நின்றால் கிடைக்கோடுகளும் இதேபோல் ஒரு பக்கம் குவியும். கோணச் சிதைவு என்று இக்கட்டுரை முதன்மையாகச் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, லென்ஸின் குறை. நேர்கோடு வளைந்து தெரியும்: படத்தின் ஓரத்தில் வரும் கூரைவிளிம்பு வெளிப்பக்கம் புடைத்திருக்கும், அல்லது உள்பக்கம் குழிந்திருக்கும். இது கமராவைப் பிடித்த கோணத்தால் வருவதன்று.

நான்காவது, அகலக்கோண லென்ஸில் படத்தின் ஓரங்களில் வரும் இழுவை. நடுவில் நிற்பவர் இயல்பாக இருப்பார். ஓரத்தில் நிற்பவரின் முகம் வெளிப்பக்கமாக அகன்றுவிடும். கோடுகள் நேராகவே இருக்கும், உருண்டையான பொருள்கள்தான் கெடும்.

இவற்றைத் திருத்துவதற்கும் ஒழுங்கு உண்டு. லென்ஸ் வளைவை முதலில் போக்க வேண்டும், பிறகு கோணத்தை நிமிர்த்த வேண்டும், கடைசியாகத்தான் வெட்ட வேண்டும். வளைந்த கோட்டை நேர்கோடாக எண்ணிக் கணக்கிட்டால் அடுத்த படி தவறிப்போகும். முதலிலேயே ஓரத்தை வெட்டிவிட்டால் படத்தின் உண்மையான மையம் எங்கே இருந்தது என்பது மென்பொருளுக்குத் தெரியாமல் போகும்.

மென்பொருளுக்கு முன்

ஒன்றுக்கொன்று இணையான கோடுகள் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தெரியும் என்பதை லியோன் பட்டிஸ்டா ஆல்பர்ட்டி 1435இல் ஓவியர்களுக்காக எழுதிவைத்தார். கமரா வந்தபோது அந்த விதி கண்ணாடித் தட்டில் தானாகவே பதிந்தது. ஓவியர் வேண்டாத குவிவை வரையாமல் விட்டுவிடலாம். கமராவுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பெட்டிக் கமராக்களிலேயே இதற்கு மாற்று இருந்தது. கமராவைச் சாய்க்காமல், லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்துவார்கள். தட்டு செங்குத்தாகவே இருப்பதால் சுவர்களும் செங்குத்தாகவே விழும். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் போன்ற படநிலையங்கள் தபாலட்டைகளாக விற்ற தோட்டக் காட்சிகளின் காலம் இந்தப் பெட்டிக் கமராக்களின் காலம்தான். பழைய கட்டடப் படங்கள் பலவற்றில் சுவர்கள் தூக்குநூல் பிடித்தாற்போல் நிற்பதற்கு இந்த முன்பலகை ஒரு காரணம்.

லென்ஸின் வளைவைப் போக்கும் முயற்சியிலும் மலைநாட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. ஒரே அமைப்புடைய இரண்டு வில்லைத் தொகுதிகளை எதிரெதிராக வைத்தால் ஒன்றின் வளைவை மற்றது ஈடுசெய்யும் என்ற அடிப்படையில் லண்டனில் டால்மேயர் 1866இல் ‘ராபிட் ரெக்டிலீனியர்’ லென்ஸை வெளியிட்டார். அந்த வகையின் பெரிய லென்ஸ் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தியவர்களில் ஜூலியா மார்கரெட் கமெரோனும் ஒருவர். உலகப் புகைப்பட வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒன்றான அவர் 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது.

எடுத்து முடித்த படத்தைப் பின்னர் திருத்துவது அளவையாளர்களின் தேவையிலிருந்து வளர்ந்தது. ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் மெய்டன்பவுவர் 1858இல் வெட்ஸ்லார் பேராலயத்தை அளக்க ஏறியபோது விழப்பார்த்து, உயிரைப் பணயம் வைத்து அளப்பதற்குப் பதில் படத்திலிருந்தே அளக்கலாமே என்று சிந்தித்தார். படஅளவையியல் என்ற துறைக்கு அது வித்திட்டது. ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடோர் ஷைம்ப்ஃப்ளூக், வானத்திலிருந்து சாய்வாக எடுத்த படங்களை வரைபடமாக்க, தட்டையும் லென்ஸையும் தாளையும் தக்க கோணங்களில் சாய்த்துத் திருத்தும் முறைக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். சாதாரண இருட்டறைகளிலும் என்லார்ஜரின் கீழ்ப்பலகையைச் சாய்த்துக் குவிவை ஓரளவு குறைப்பது பழக்கத்தில் இருந்தது. 35 மி.மீ. கமராக்களுக்கு முன்பலகை இல்லை; 1960களின் தொடக்கத்தில் நிக்கோன் வெளியிட்ட நகர்த்தும் லென்ஸ் அந்த வசதியைத் திருப்பித் தந்தது. விலையோ சாதாரணக் கலைஞர்களுக்கு எட்டாதது.

மென்பொருள் செய்யும் கணக்கு

இன்றைய கருவிகள் அனைத்தும் ஷைம்ப்ஃப்ளூக்கின் வேலையை எண்களால் செய்கின்றன. படத்தில் தெரியும் ஒரு தட்டையான பரப்பின் நான்கு மூலைகளை எடுத்து, அவை உண்மையில் இருக்க வேண்டிய நான்கு இடங்களுக்கு நகர்த்தினால், மற்ற எல்லாப் புள்ளிகளும் எங்கே போக வேண்டும் என்பது கணித முறைப்படி தீர்மானமாகிவிடும். நான்கு புள்ளிகளே போதும். தொலைபேசியில் ஆவணத்தைப் படமெடுத்தவுடன் தாள் நேராகிவிடுவதும் இதே கணக்கால்தான்.

வேறுபாடு, எதைக் கொண்டு நிமிர்த்துவது என்ற வழிகாட்டிக் கோடுகளை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் இருக்கிறது. அதன்படி கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

தானாகத் தேர்பவை: அடோபி லைட்ரூமில் 2013இல் வந்த ‘அப்ரைட்’ படத்தில் உள்ள நீண்ட நேர்கோடுகளைக் கண்டுபிடித்து, எவை செங்குத்து, எவை கிடை என்று ஊகித்து நிமிர்த்துகிறது. இலவச மென்பொருளான டார்க்டேபிளும் இவ்வாறு கோடுகளைத் தேடும்.

நாமே இழுத்துச் சரிசெய்பவை: கூகுளின் ஸ்னாப்சீட் செயலியிலும், 2019 முதல் ஐபோனின் படத்தொகுப்பிலும் செங்குத்து, கிடை என்று தனித்தனி இழுப்பான்கள் உண்டு. விரலால் இழுத்துக் கண்ணால் மதிப்பிட வேண்டும்.

நாம் காட்டும் கோட்டைப் பின்பற்றுபவை: லைட்ரூமின் ‘கைடட்’ முறையில் இரண்டு முதல் நான்கு கோடுகளை நாமே வரைந்து இவை செங்குத்து, இவை கிடை என்று சொல்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் பெர்ஸ்பெக்டிவ் கருவியைத் திருத்தும் திசைக்கு மாற்றி வைத்தால், கோணலாகத் தெரியும் சன்னலின் மேலேயே கட்டத்தைப் பொருத்தி நிமிர்த்தலாம். படங்களை ஒட்டும் இலவச மென்பொருளான ஹியூகினில் செங்குத்துக் கோடுகளைப் புள்ளியிட்டுக் காட்டலாம். மலைநாட்டுப் படங்களுக்குப் பெரிதும் பொருந்துவது இந்த மூன்றாவது வகை.

மூன்றுக்கும் பொதுவான வரம்பு ஒன்று இருக்கிறது. திருத்தம் ஒரு தட்டையான பரப்புக்கு மட்டுமே சரியாக இருக்கும். லயம் எனப்படும் தோட்ட வரிசை வீட்டை ஓரமாக நின்று எடுத்து, அதன் முன்சுவரை நேர் எதிரிலிருந்து பார்ப்பதாக மாற்றிவிடலாம். ஆனால் இஸ்தோப்பின் (முன்திண்ணையின்) தூணுடைய பக்கவாட்டு முகம் அப்போதும் தெரியும். வாசலில் நிற்பவர் அகன்றோ ஒடுங்கியோ போவார். கமரா எங்கே நின்றது என்பதை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது. எது எதை மறைத்தது என்பது படம் எடுத்த கணத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இன்னொன்று, திருத்தும் கணக்குக்கு லென்ஸின் குவியத்தூரம் தெரிந்தால் கட்டடத்தின் உயர அகல விகிதம் சரியாக வரும். அந்தத் தகவல் படக்கோப்போடு சேர்ந்தே பதிவாகிறது. வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். திருத்த வேண்டிய படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்வது நல்லது.

தொழிற்சாலைக்கு முன்னால்

தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை இந்தச் சிக்கலுக்கு மிகப் பொருத்தமான உதாரணம். மேல்மாடிகளில் கொழுந்தை வாட்டுவார்கள். அதற்குக் காற்று வேண்டும் என்பதால் வரிசை வரிசையாகச் சன்னல்கள். கீழ்த்தளத்தில் அரைக்கும், உலர்த்தும் இயந்திரங்கள். இப்படி உயரமான, நீளமான, ஒரேயளவுச் சன்னல்கள் அடுக்கிய கட்டடங்கள் பல மலைச்சரிவில் நிற்கின்றன. கந்தப்பளையில் ஹோட்டலாக மாறிய பழைய ஹெதர்செட் தொழிற்சாலையும், கண்டி ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகமான 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலையும் சுற்றுலாப் பயணிகள் அதிகம் படமெடுப்பவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டடம் 15 மீட்டர் உயரம். எடுப்பவர் 15 மீட்டர் தள்ளி, அதே மட்டத்தில் நிற்கிறார். தொலைபேசியின் முதன்மை லென்ஸ் 24 மி.மீ.க்குச் சமமானது. நெட்டாகப் பிடித்தால் நடுவிலிருந்து மேலே சுமார் 36 பாகை வரை படத்தில் விழும். மட்டமாகப் பிடித்தால் 12 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேல்வரை தெரியும், கூரை வெட்டுப்படும். 15 பாகை அண்ணாந்தால் கூரையும் வந்துவிடும், ஆனால் உச்சியின் அகலம் அடியின் அகலத்தில் 78 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

இதை மென்பொருளால் நிமிர்த்தினால், அடிப்பகுதியோடு ஒப்பிட உச்சிப் பகுதியை அகலத்தில் கால்பங்குக்கு மேலும், உயரத்தில் 60 சதவீதத்துக்கு மேலும் இழுக்க வேண்டியிருக்கும். அடியில் ஒரு புள்ளி நிரப்பும் இடத்தைப்போல் இரண்டு மடங்கு இடத்தை உச்சியில் ஒரு புள்ளி நிரப்ப வேண்டும். கூரைத் தகரத்தின் வரிகளும் மேல்மாடிச் சன்னல் சட்டங்களும் மங்கிப்போவது இதனால்தான். இரு பக்கமும் ஆப்பு வடிவில் வெட்டுப்படுவதால், தொழிற்சாலையின் பெயரெழுதிய பலகை ஓரத்தில் இருந்தால் அதுவும் போய்விடக்கூடும். எடுக்கும்போதே நான்கு பக்கமும் தாராளமாக இடம்விட வேண்டும்.

இப்போது 30 மீட்டருக்குப் பின்வாங்குங்கள். கமராவை மட்டமாகப் பிடித்தாலே முழுக் கட்டடமும், பெரும்பகுதி படத்தின் மேல்பாதியில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் விழும். மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டால் போதும், நிமிர்த்த எதுவுமில்லை. நகர்த்தும் லென்ஸ் செய்வதும் சாராம்சத்தில் இதுவே.

பின்வாங்க இடமில்லையென்றால் மலையே உதவும். சமவெளி நகரத்தில் நான்கு மாடிக் கட்டடத்தின் நடு உயரத்துக்கு ஏற எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு அனுமதி கேட்க வேண்டும். தோட்டத்தில் தொழிற்சாலைக்கு எதிர்ச்சரிவில் கொழுந்து மலைக்குப் போகும் குறுக்குப் பாதை பல இடங்களில் இருக்கிறது. கட்டடத்தின் நடு உயரமான ஏழெட்டு மீட்டர் ஏறி நின்றால், அதே 15 மீட்டர் தூரத்திலும் உச்சியும் அடியும் மேலே 27, கீழே 27 பாகைக்குள் அடங்கிவிடும். கமரா சாயவே வேண்டாம். எந்த மென்பொருளும் தர முடியாத திருத்தம் அது, செலவும் இல்லை.

நிமிர்த்திய படம் சரிதானா என்று சோதிக்கவும் தொழிற்சாலையே அளவுகோல் வைத்திருக்கிறது. ஒரே அளவில் செய்த சன்னல்கள் பல தளங்களில் இருந்தால், திருத்திய படத்தில் மேல்தளச் சன்னலும் கீழ்தளச் சன்னலும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். மேலே உள்ளது நீண்டிருந்தால் அளவுக்கு மீறி இழுத்துவிட்டீர்கள். எல்லாச் சன்னல்களும் ஒருசேரக் குட்டையாகிவிட்டால் விகித இழுப்பானைச் சரிசெய்ய வேண்டும்.

கீழிருந்து பார்ப்பதாகவே தெரியும் படத்தில் சுவர்களை முற்றிலும் இணையாக்கினால் கட்டடம் தலைகனத்துத் தெரியும். பார்க்கும் மனம் சிறிது குவிவை எதிர்பார்க்கிறது. அழகுக்கான படத்தில் கொஞ்சம் குவிவை விட்டுவைப்பது கலைஞர்களின் வழக்கம். அளவுக்கான படத்தில் அந்தச் சலுகை கூடாது.

எந்தக் கோட்டை நம்புவது?

தானியங்கித் திருத்தம் மலைநாட்டில் எங்கெங்கே தவறும் என்பதை இடம்வாரியாகச் சொல்லலாம்.

கோவில் கோபுரம் இயல்பிலேயே மேல்நோக்கிக் குறுகுவது. மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் 108 அடி இராஜகோபுரமாகட்டும், தோட்டத்து மாரியம்மன் கோவிலின் சின்னக் கோபுரமாகட்டும், தானியங்கி மென்பொருள் அதன் சரிந்த விளிம்புகளைக் கமராவின் சாய்வு என்று எண்ணி நிமிர்த்த முயலலாம். உச்சிக் கலசங்கள் அகன்று, சிற்பி கணக்கிட்டு வைத்த குறுகல் காணாமல் போகும். கோபுரப் படத்தில் வழிகாட்டிக் கோட்டை வாசல் நிலையிலோ, மண்டபத் தூணிலோ, கொடிமரத்திலோதான் வைக்க வேண்டும். தொழிற்சாலைப் புகைபோக்கிக்கும் தேவாலயக் கூர்முனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மின்கம்பங்களும் மரங்களும் நம்பத்தக்கவை அல்ல. சரிவு நிலத்தின் மேல்மண் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கீழே நகரும். அதனோடு கம்பங்களும் வேலிக்கட்டைகளும் பள்ளத்துப் பக்கம் சாயும். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தினால் நேரான சுவர் சாயும். மண் நகர்கிறது என்பதன் தடயமும் படத்திலிருந்து அழிந்துவிடும்.

அடிவானம் என்பது மலைகளுக்கிடையில் கிடையாது. எதிரே தெரியும் மலைவிளிம்பைக் கொண்டு படத்தை மட்டப்படுத்த முடியாது. காசல்ரீ, மவுஸ்சாக்கலை நீர்த்தேக்கங்களின் நீர்ப்பரப்பு மட்டமானதுதான். ஆனால் கரைக்கோடு நம்மிடமிருந்து விலகிப் போகும்போது படத்தில் சாய்வாகவே விழும், அதுவே சரி. கரையை மட்டமாக்கினால் கரையிலுள்ள வீடுகள் சாயும். கரை நமக்கு நேர் குறுக்காக ஓடும் இடத்தில் மட்டுமே அதை அளவாகக் கொள்ளலாம்.

தேயிலைப் புதர் வரிசைகள் பல இடங்களில் சரிவின் வளைவுக்கேற்ப நடப்பட்டவை. அவை நேராக வேண்டியதில்லை.

அப்படியானால் நம்பத்தக்கவை எவை? மேசன் தூக்குநூல் பிடித்துக் கட்டிய சுவர்மூலை, கதவுநிலை, சன்னல்சட்டம். ஒரு கட்டடத்திலேயே இரண்டு செங்குத்துக் கோடுகளை, ஒன்றுக்கொன்று இயன்றவரை தள்ளி, தேர்ந்தெடுக்க வேண்டும். 1894இல் கட்டிய நுவரெலியா செங்கல் தபாலகத்தில் கோபுரத்தின் கூர்க்கூரையை விட்டுவிட்டு அதன் கீழேயுள்ள சுவர்மூலைகளைப் பிடிக்க வேண்டும். கட்டடமே இல்லாத காட்சியில் கமராவிலுள்ள மட்டம்காட்டியைப் போட்டு எடுப்பதொன்றே வழி.

ரயிலில் சாயும் கம்பங்கள், வளையும் லயங்கள்

கோணச் சிதைவாகத் தெரிந்தும் அதுவல்லாத இரண்டு கோளாறுகளை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும்.

ரயில்பாதை ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்தது. இன்று அந்தப் பாதையில் ரயில் சன்னலிலிருந்து எடுக்கும் படங்கள் ஏராளம். தொலைபேசிக் கமரா படத்தை ஒரே கணத்தில் முழுதாகப் பதிவதில்லை, வரிசை வரிசையாகப் பதிகிறது. மேல்வரிசை பதிந்து கீழ்வரிசைக்கு வருவதற்குள் ரயில் சிறிது நகர்ந்துவிடுவதால் அருகிலுள்ள கம்பங்கள் சில பாகைகள் சாய்ந்து விழும். தூரத்து மலைகள் சாயா. முழுப்படத்தையும் எதிர்த்திசையில் சரித்தால் கம்பம் நிமிரும், தூரத்துத் தொழிற்சாலை சாயும். ரயில் மெதுவாகும்போது எடுப்பதும், அருகிலுள்ள பொருளைத் தவிர்ப்பதுமே நிவாரணம்.

மற்றது பனோரமா. பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் (குடும்ப அறைகள்) ஓடும் லயத்துக்கு முன்னால் சிலவேளை நான்கைந்து மீட்டர் வாசல்தான் இருக்கும். அதற்கப்பால் அடுத்த லயத்தின் கூரை. முழு லயமும் வேண்டுமென்று தொலைபேசியைச் சுழற்றிப் பனோரமா எடுத்தால், நேரான கூரைவிளிம்பு வில்லாக வளையும். அந்தப் படத்தைச் சுருட்டிய தாளில் பதிந்ததாகக் கணக்கிடுவதால் வரும் வளைவு அது. கோணத் திருத்தத்தால் போகாது. சுழலாமல், சுவருக்கு இணையாகப் பக்கவாட்டில் நடந்து, ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு படமாக நேரெதிரே எடுத்து, ஒவ்வொன்றையும் நிமிர்த்தி ஒட்டுவதே சரி. ஹியூகின் இதற்கு உதவும். இஸ்தோப்பு முன்னே நீண்டிருப்பதால் ஒட்டும் இடங்களில் சில பிசிறுகள் வரத்தான் செய்யும்.

பத்துக்குப் பன்னிரண்டு

லயக் காம்பராவின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பார்கள். அதன் நெருக்கடியைக் காட்ட வருபவர்கள் பெரும்பாலும் தொலைபேசியின் மிகை அகலக்கோண லென்ஸைப் போடுகிறார்கள். இல்லாவிட்டால் அறை படத்துக்குள் அடங்காது. விளைவு நேர்மாறானது. வாசல் நிலை பெரிதாகவும் பின்சுவர் மிகத் தொலைவாகவும் தெரிய, காம்பரா கூடமாகிவிடுகிறது. சுற்றுலா விடுதிகளின் அறைகளை விசாலமாகக் காட்டும் உத்தியும் இதுவே. ஒரே லென்ஸ் ஓரிடத்தில் விளம்பரத்துக்கு உதவி, இன்னோரிடத்தில் முறைப்பாட்டைக் கெடுக்கிறது.

காரணம் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. 13 மி.மீ.க்குச் சமமான லென்ஸில் எடுத்த படத்தை 14 செ.மீ. நீளத் திரையில் பார்ப்பதானால், கண்ணைத் திரைக்கு 5 செ.மீ. அருகில் வைத்தால்தான் அறையின் ஆழம் சரியாகத் தெரியும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. ஓரடி தள்ளி வைத்துப் பார்க்கும்போது ஆழம் பல மடங்கு பெருகித் தெரிகிறது. கோடுகளை நேராக்கும் எந்தக் கருவியும் இதை மாற்றாது.

ஆட்கள் இருக்கும் படத்தில் நிலைமை இன்னும் சிக்கல். சுவரை நேராக்கினால் ஓரத்து முகம் அகலும். முகத்தைச் சரிசெய்தால் சுவர் வளையும். கூகுள் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில் முகங்களை ஒரு முறையிலும் பின்னணியை வேறு முறையிலும் மாற்றி இரண்டையும் இணைக்கும் வழியைக் காட்டினார்கள். டிஎக்ஸ்ஓ வியூபாயிண்ட் மென்பொருளிலும் ஓர இழுவையைத் தணிக்கும் வசதி உண்டு. இருந்தும் எளிய வழி, குடும்பத்தினரை நடுவில் நிறுத்துவதுதான்.

காம்பராவின் அளவை உணர்த்த வேண்டுமானால் பின்சுவரை ஒட்டி ஒருவரை நிற்கவைக்கலாம், தரையில் அளவுநாடாவை விரித்துவைக்கலாம், படத்தோடு கையால் வரைந்த தரைவரைபடத்தையும் சேர்க்கலாம். மூலையில் நின்று அறை முழுவதையும் அடக்க முயல்வதைவிட, சாதாரண லென்ஸில் இரண்டு மூன்று படங்கள் எடுப்பது உண்மைக்கு அருகில் நிற்கும்.

சான்றாகும் படம்

கோணத் திருத்தத்தின் மிகப் பயனுள்ள வேலை அழகுபடுத்துவதில் இல்லை. அளவெடுப்பதில் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்களை மண்சரிவு மூடியதிலிருந்து, சுவரில் புதிதாக விழும் வெடிப்பு மலையகத்தில் சாதாரணச் செய்தியாக இல்லை. அந்த வெடிப்பு வளர்கிறதா என்பதைத் தோட்டத்து இளைஞர் ஒருவர் தொலைபேசியாலேயே பதிந்துவைக்க முடியும்.

சுவரில், வெடிப்பைச் சுற்றி, சுண்ணக்கட்டியால் நான்கு அடி அகலம் மூன்று அடி உயரத்தில் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளைக் குறியுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சரியாக ஐந்தடி வந்தால் மூலைகள் மட்டமாக இருக்கின்றன. மேசன்மார் அத்திவாரம் போடும்போது பார்க்கும் அதே கணக்கு. மூலைகள் அழியாதபடி சிறு ஆணி அடித்துவைப்பது நல்லது. இயன்றவரை நேரெதிரே நின்று படமெடுத்து, கிம்ப் மென்பொருளில் அந்த நான்கு மூலைகளையும் 1200க்கு 900 புள்ளிகள் கொண்ட செவ்வகமாக நிமிர்த்துங்கள். இப்போது ஓர் அடிக்கு 300 புள்ளி, ஓர் அங்குலத்துக்கு 25 புள்ளி. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. அடுத்த மழைக்குப் பிறகு வேறு கோணத்திலிருந்து எடுத்தாலும், இதே மூலைகளைக் கொண்டு நிமிர்த்தினால் இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடலாம்.

இரண்டு கவனங்கள் வேண்டும். குறித்த மூலைகளுக்கு வெளியே உள்ள அளவை நம்பக் கூடாது. சிறு பிழையும் வெளியே போகப் போகப் பெருகும். சுவர் வயிறு தள்ளியிருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது. ஆனால் வயிறு தள்ளிய சுவர் அளவெடுக்கக் காத்திருக்க வேண்டிய சுவருமல்ல. உடனே வெளியேறி, தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம அலுவலருக்கும் அறிவிக்க வேண்டிய சுவர். மண்சரிவு அபாயத்தைத் தீர்மானிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு. நம் படம் அவர்களுக்குக் கொடுக்கும் தகவல் மட்டுமே.

சரிவின் கடுமையைக் காட்டும் படங்களிலும் நேர்மை வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும் சரிவை எடுக்கும்போது கமராவை ஐந்து பாகை சரித்தால் சரிவும் ஐந்து பாகை கூடும் அல்லது குறையும். கொழுந்து பறிக்கும் பெண்கள் செங்குத்துப் பாறையில் தொங்குவதாகத் தெரியும் படங்களில், பின்னாலுள்ள நிழல்மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் கமராவைச் சந்தேகிக்கலாம். அவர்களுடைய வேலை கடினமானது என்று சொல்ல மலையைப் பொய்யாகச் சாய்க்க வேண்டியதில்லை.

நிமிர்த்தியபின் ஓரங்களில் விழும் வெற்றிடத்தைத் தானே நிரப்பும் வசதி ஸ்னாப்சீட்டில் உண்டு. செயற்கை நுண்ணறிவால் நிரப்பும் வசதி 2023இல் ஃபோட்டோஷாப்பிலும் வந்துவிட்டது. வாழ்த்து அட்டைக்கு அது சரி. செய்திக்கும் முறைப்பாட்டுக்கும் ஆவணத்துக்கும் ஆகாது. அங்கே இல்லாத சுவரையும் இல்லாத புதரையும் அது படைத்துவிடுகிறது. வெற்றிடத்தை வெட்டிவிடுங்கள், அல்லது வெள்ளையாகவே விட்டுவிடுங்கள்.

முடிவாக

கருவிகளில் பஞ்சமில்லை. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் செய்யும் கோணத் திருத்தத்தைக் கிம்பும் ஹியூகினும் டார்க்டேபிளும் இலவசமாகச் செய்கின்றன; அன்றாடத் தேவைக்கு ஸ்னாப்சீட்டே போதும். குறைவாக இருப்பது எடுக்கும் இடத்தைத் தேர்வதற்கான பொறுமையும், எந்தக் கோடு நேர், எந்தக் கோடு இயல்பாகவே சரிவு என்று பிரித்தறியும் கவனமும்தான். கட்டடத்துக்குத் திருத்தம் வேண்டும், கோபுரத்தின் குறுகலுக்கும் மலையின் சரிவுக்கும் வேண்டாம். எதிர்ச்சரிவில் ஏறி நிற்க வழியிருந்தால் முதலில் ஏறுங்கள். வழிகாட்டிக் கோட்டை நீங்களே போடுங்கள், தானியங்கிக்கு விடாதீர்கள். திருத்திய படத்தைத் தனியாகச் சேமியுங்கள். மூலப்படத்தை, எடுத்த தேதியோடு, ஒருபோதும் அழிக்காதீர்கள். நாளை ஒரு வெடிப்பைப் பற்றியோ ஒரு காம்பராவின் அளவைப் பற்றியோ யாராவது கேள்வி எழுப்பினால் பதில் சொல்லப்போவது அந்த மூலப்படம்தான்.